பூசிங் என்றார் ஜோக்கோ

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளா, உங்களைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கார் கண்ணாடியை இறக்கினேன். ஈர மண்ணும் டீசல் புகையும் கலந்த வாசம். பின்னால் ஹாரன் அடிக்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா எக்ஸ்கவேட்டர் ஓட்டியவன் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது கிள்ளானில் சாக்கடைக் குழாய் புதைக்க இருபதடி ஆழம் தோண்டினோம். மண் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. நான் மேலிருந்து மெஷின் பக்கெட்டில் மணலைக் கொட்ட, கீழே ஒருவர் அதைக் குழாயைச் சுற்றிப் பரப்புவார். அவர்தான் ஜோக்கோ, இந்தோனேசியாக்காரர். என்னைவிட வயதில் பெரியவர். ஆனாலும் என்னை 'பாங்', அதாவது அண்ணே, என்றுதான் கூப்பிடுவார். மெஷினில் உட்கார்ந்திருப்பவன் எல்லாருக்கும் அண்ணன்தானே.

பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் மலாய் நன்றாக வரும். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம். ஜோக்கோ அவர் ஊர் வழக்கில் பேசும் மலாயைக்கூடத் திருத்துவேன். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

பக்கத்தில் பழைய சாக்கடை ஒன்று. அழுகிய முட்டை நாற்றம் வரும். அடிக்கிற நாற்றம் திடீரென்று நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும், மூக்கே செத்துப்போகும் அளவுக்கு விஷக்காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம் என்பார் ஃபோர்மேன் தேவா அண்ணன்.

ஒரு மத்தியானம் ஜோக்கோ கீழிருந்து கையைத் தூக்கி, தலைக்கு மேல் விரலைச் சுற்றிக் காட்டினார்.

"பூசிங், பாங்."

பூசிங் என்றால் மலாயில் திரும்பு. மணலை மறுபக்கம் கேட்கிறார் என்று பக்கெட்டைத் திருப்பினேன். அவர் அந்தப் பக்கத் தகட்டில் போய்ச் சாய்ந்ததை நான் பார்க்கவில்லை. கொட்டப் போகும் நேரத்தில் தேவா அண்ணன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"கொட்டாதடா, ஆளு விழுந்து கெடக்கான்."

மணலைப் பள்ளத்துக்கு வெளியே கொட்டிவிட்டு ஏணிக்கு ஓடினேன். சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீயும் எறங்குனா ரெண்டு பேரத் தூக்கணும்லா. மொதல்ல காத்து விடு."

பெரிய குழாயை இறக்கிக் காற்று விட்டோம். அந்தச் சில நிமிஷமும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பிறகு தேவா அண்ணன் கயிறு கட்டி இறங்கினார். ஜோக்கோவை இழுத்து மேலே போட்டோம். மூச்சு இருந்தது.

மூன்றாம் நாள் ஜோக்கோவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர்கள் ஊரில் பூசிங் என்றால் தலை சுற்றுகிறது என்று அர்த்தமாம். தப்பு அவருடையது போலத் தயங்கித்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போன நான், ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று நேரே என் மெஷினிடம் வந்தார்.

"தலே சுத்துது, அண்ணே."

பதறிப்போய்க் குதித்தேன். அவர் சிரித்தார். யாரிடமோ கேட்டுத் தமிழில் மனப்பாடம் செய்திருக்கிறார், இனிமேல் எனக்கு விளங்க வேண்டும் என்று.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். திடீரென்று என்னை ரவாங் ஊரில் வேறு வேலைக்கு மாற்றினார்கள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். ஆட்கள் தங்கியிருந்த பலகைக் கொட்டகை இல்லை. பள்ளத்தின் மேல் தார் போட்டு லோரிகள் ஓடின. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஜோக்கோவை விசாரித்தேன்.

"எந்த ஜோக்கோ அண்ணே? மூணு பேரு இருந்தாங்க. முழுப் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.