மகளை வைத்துப் பழிவாங்கப் போனேன்

என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனேன். கேட்ட கேள்விகளுக்கு அவள் பயத்தில் வாயே திறக்கவில்லை. தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும், "இது மந்தமான பிள்ளை. எங்க ஸ்கூலுக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து, ஒருநாள் அந்த அம்மாளைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆறு மாதம் விடாமல் படிக்க வைத்தேன். தப்பாகச் சொன்னால் அடித்தேன். அவள் அழும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியையின் முகம்தான் தெரிந்தது.

ஒருநாள் பூ மார்க்கெட்டில் அவரே எதிரே வந்தார். மகளை முன்னால் தள்ளி, "ஏட்டி, ஏ பி சி டி முழுசும் சொல்லு. டீச்சர் கேக்கட்டும்" என்றேன்.

நன்றாகத் தொடங்கியவள் பாதியில் திக்கி நின்றாள். என்னை அறியாமல் கையை ஓங்கிவிட்டேன். அவள் ஓடிப்போய் அந்த ஆசிரியையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"டீச்சர், அம்மா அடிப்பா."

அவர் அவள் தலையைத் தடவி, "பயப்படாத மக்கா" என்றார். என்னைத் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அவர் மேல் உள்ள கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அன்று என் பிள்ளை நடுங்கியது என்னைப் பார்த்து. இப்போதும் அவளுக்கு வீட்டில்தான் பாடம். அவள் தப்பாகச் சொல்லும்போது என் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொள்கிறேன்.