மூச்சுக்கு இரண்டு கொட்டை

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் விழுப்புரத்தில் காசநோய் வார்டில் சேர்ந்தேன். அதற்கு முன்பு செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரி ஷெட் என்று எங்கே வேலை கிடைத்ததோ அங்கே இருந்தேன். விக்கிரவாண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது இருமலில் இரத்தம் வந்தது. லாரி டிரைவர் வார்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

தினம் காலையில் இடுப்பில் ஊசி, ஒரு கை மாத்திரை. ஊசி இரண்டு மாதம், அதன் பிறகு மாத்திரை ஒரு வருடம் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். இருமல் நின்றதும் வீட்டுக்கு ஓடுகிறவர்கள்தான் மோசமாகித் திரும்பி வருகிறார்கள், அப்போது இதே மருந்து கேட்பதில்லை என்றும் சொன்னார். அப்படித் திரும்பி வந்தவர்கள் கதவோரக் கட்டில்களில் இருந்தார்கள். நான் இருந்த நாட்களில் அதில் மூன்று கட்டில் காலியானது.

என் இடது பக்கம் திண்டிவனத்து டெய்லர். நாற்பது வயது, கைப்பிடி எலும்பு. வலது பக்கம் புதுச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தவர். அங்கே தங்கிய வெள்ளைக்காரர்கள் ஒரு மழைக்காலம் முழுக்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடினார்களாம். டீ கொடுக்கப் போனவர் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். புத்தகம் அவரிடம் இல்லை. நினைவில் இருந்தது பாதி, மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். டெய்லர் அவரை வாத்தியாரே என்று கூப்பிட, எல்லோருக்கும் அவர் வாத்தியார் ஆனார்.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவரும் காகிதத்தில் ஒரு ஆளைச் செய்துகொள்ள வேண்டும். வழியில் என்ன வருகிறது என்று வாத்தியார் சொல்வார். நம் ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்று நாம் சொல்ல வேண்டும். ஆளைச் செய்ய ஆளுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. பலம், ஓட்டம், மூச்சு, பேச்சு என்று பிரித்து வைக்க வேண்டும், எதற்கும் ஆறுக்கு மேல் கிடையாது. உருட்டுவதற்குத் தனியாக ஆறு கொட்டை, ஒரு பக்கம் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்தது. இக்கட்டு வந்தால் ஆறையும் உருட்டுவோம். விழுந்த வெள்ளை, நாம் வைத்த கொட்டைக்குள் இருந்தால் பிழைத்தோம். தாண்டினால் போச்சு.

டெய்லர் முதல் நாளே தகராறு செய்தார்.

"சட்டைக்கு எத்தினி கொட்டை?"

"சட்டைக்கு எதுக்கு? இன்னா வேணா போட்டுக்கோ, சும்மாதான்" என்றார் வாத்தியார்.

"சும்மா குடுக்கிறதுக்கு மதிப்பு இல்ல வாத்தியாரே. அளவெடுத்து, வெட்டி, காஜா எடுத்துத் தைக்கிறேன். அது வேலை செய்யணும்."

"சட்டையக் காட்டினா திருடன் ஓடிப்போவானா?" என்று நான் கேட்டேன்.

"நீ போற மாதிரி அழுக்கு லுங்கியோட போனா நாயே கொரைக்கும். நல்லா உடுத்திக்கினு போய்ப் பாரு, யாரோ இன்னாவோன்னு ஒதுங்கும்."

அது பொய்யில்லை. பஸ் ஸ்டாண்டுகளில் படுத்திருந்த காலத்தில் என்னைக் காலால்தான் எழுப்பினார்கள். பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு தூங்கியவரை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கடைசியில் வாத்தியார் தோரணை என்று ஐந்தாவதாக ஒன்று சேர்த்தார்.

நான் பலத்துக்கு ஐந்து, ஓட்டத்துக்கு ஐந்து, மூச்சுக்கு ஐந்து வைத்தேன். பேச்சும் தோரணையும் பூஜ்யம். கத்தி, கயிறு, சட்டையில்லாத வெறும் மேல். டெய்லர் தோரணைக்கு ஆறு, பேச்சுக்கு ஐந்து வைத்தார். மிச்சம் நான்கில் மூச்சுக்கு இரண்டு, பலத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒவ்வொன்று. எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் அந்தச் சட்டையை வரைந்தார். முழங்கால் வரை இறங்கும் ஊதாப் பட்டு, கழுத்திலிருந்து இருபது பொத்தான்.

"மூச்சுக்கு ரெண்டு பத்தாதுண்ணே" என்றேன்.

"நான் ரெண்டுலதான ஓட்டிக்கினு இருக்கேன்" என்றார்.

ஆள் பிறந்தால் நட்சத்திரம் வேண்டும் என்று அவரே ஒரு வரி சேர்த்தார். என் நட்சத்திரம் எனக்குத் தெரியாது, காலியாக விட்டேன். அவர் சதயம் என்று எழுதினார். அது அவருடைய சொந்த நட்சத்திரம். ஜாதகம் எழுதுவதுபோல மூலையில் மஞ்சள்கூட வைத்தார். வாத்தியாரோ நானோ தடுக்கவில்லை. அது தப்பு என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஆடினோம். வெளிநாட்டுக் காடும் மலையும் வாத்தியாருக்குச் சொல்ல வரவில்லை. அதனால் திருவாமாத்தூரிலிருந்து கிளம்பி, செஞ்சிக் கோட்டையில் அடைபட்டிருந்த ஒருவனை மீட்டு வரவேண்டும் என்று வைத்தார். கோட்டை வாசலில் நான் கத்தியை எடுத்தேன். டெய்லரின் ஆள் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, காவல்காரனைப் பார்த்து, "கதவத் தொறக்க இவ்வளவு நேரமாடா, வெயில்ல பட்டு வெளுத்துப்போனா நீயா புதுசு எடுத்துத் தருவே?" என்றான். கொட்டை உருண்டது, கதவு திறந்தது. தோரணைக்கு ஆறு வைத்தவன் தோற்கவே முடியாது. உள்ளே போகவும் வெளியே வரவும் அந்தச் சட்டையே போதுமானதாக இருந்தது. என் ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

"உன் ஆளு கூலிக்கு வந்தவனா?" என்று டெய்லர் சிரிப்பார். வார்டும் சிரிக்கும். எனக்கு வலித்தது. பதினைந்து கொட்டையையும் உபயோகமானதில் மட்டும் வைத்தேன், ஒன்றுக்கும் உபயோகமில்லை.

மார்கழிக் கடைசியில் டெய்லருக்கு இருமல் நின்றது. பொங்கலுக்குத் தைக்கத் துணி வந்து குவிகிறது, மிஷின் சும்மா கிடக்கிறது என்று வீட்டம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவர் படுக்கையில் இருக்கவில்லை. ஊசி இன்னும் மூன்று வாரம் பாக்கி. நர்ஸ் திட்டினார், டாக்டர் எடுத்துச் சொன்னார்.

"கோயிலா இருந்தா பூ கட்டிப் பாத்துடுவேன்" என்றார் டெய்லர். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு எடுத்து முடிவு செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். "இங்க ஏது சாமி. சதயக்காரன் இருக்கான் இல்ல? அவன் ஊர் போய்ச் சேந்தா நானும் போறேன். வழியில செத்துட்டான்னா பேசாம படுத்துக்கினு ஊசி போட்டுக்கிறேன். பேச்சு மாறமாட்டேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. வாத்தியாருக்கும் எனக்கும் அது தெரியும்.

மறுநாள் வாத்தியார் சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் என்றார். கரை தெரியாத வெள்ளம், படகு இல்லை, காவல்காரனும் இல்லை, தோரணை பார்க்க ஆளே இல்லை. நீந்த வேண்டும், மூச்சு உருட்ட வேண்டும். நான் உருட்டி அக்கரை ஏறிவிட்டேன். மீட்டு வந்தவனையும் முதுகில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

டெய்லரின் ஆள் இறங்கினான். நடு ஆற்றில் சுழல் என்றார் வாத்தியார்.

"சட்டையக் கழட்டிப் போடுங்கண்ணே, தண்ணி குடிச்சிக் கனக்கும்" என்றேன்.

"கழட்டிட்டு ஏறினா எவன் ஏறினதுன்னு யாருக்குத் தெரியும்? கொட்டையக் குடு."

வாத்தியார் கொட்டையைக் கொடுக்கவில்லை. உருட்டும் முன் அவர் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேட்காமல் விட்டால் டெய்லர் விடமாட்டார். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"கூட வந்தவங்க யாருனா எதுனா செய்றீங்களா?"

அந்த வெள்ளத்தை வேண்டுமென்றே கொண்டுவந்ததாகவும், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று நம்பியதாகவும் அவர் பிறகு சொன்னார். அவர் முகத்திலேயே அது இருந்தது. ஆனால் நான் கயிற்றைத்தான் பார்த்தேன். மூன்று வாரமாக என் ஆள் சுமந்த கயிறு, அவன் கை, அவனுடைய ஐந்து பலம். இப்போதுதான் அவனுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

"கயிறு போடுறேன்" என்றேன்.

வாத்தியார் ஆறு கொட்டையையும் டெய்லர் கையில் கொடுத்தார். "ஒரு கொட்டை சேத்துக்கோ. மூச்சு மூணு" என்றார்.

டெய்லர் உருட்டினார். மூன்று வெள்ளை விழுந்தது. மூச்சு இரண்டோடு நின்றிருந்தால் அவர் ஆள் அங்கேயே முடிந்திருப்பான். கதவோரக் கட்டிலில் இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். டெய்லர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாத்திரையையும் வாங்காமல், திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார்.

வாத்தியார் அதற்குப் பிறகு யாரோடும் ஆடவில்லை. நான் ஊசியை முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பிரம்மதேசத்தில் ஒரு கிணறு வெட்டும் இடத்தில் சமையல் வேலை. ஆடி மாதம் மாத்திரை வாங்க விழுப்புரம் போகும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி விசாரித்தேன்.

வீட்டுக்குள் பாயில் இருந்தார். மிஷினை வேறு யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். சித்திரையில் மறுபடி இரத்தம், வேறு ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார், மருந்து கேட்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டம்மா ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"மாத்திர ஒழுங்காப் போடுறியா?" என்று டெய்லர் கேட்டார்.

"போடுறேண்ணே."

"உடாத. நடுவுல உட்டா பேஜாராப் பூடும்." மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டம்மாவிடம் சொன்னார், "நான் சொல்லல, நடு ஆத்துல கயிறு போட்டவன்னு? இவன்தான்."

அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டார்.

நான் சொல்ல வந்தது ஒன்று இருந்தது. கயிறு போட்ட அந்த நேரத்தில் எனக்கு டெய்லர் நினைவே இல்லை, என் ஆள் நினைவுதான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டு, விழுப்புரம் போக நேரமாகிறது என்று எழுந்துகொண்டேன்.