கரையில் என்று காட்டிய படகு

அன்று மத்தியானம் வாடைக்காற்று கிளம்பியதும், லிங்கநகர் வீட்டில் கணினியைத் திறந்து சல்லிக் கரைப் படகுகளின் பட்டியலைப் பார்த்தேன். அண்ணனின் படகுக்கு நேரே ‘கரையில்’ என்று பச்சையாக இருந்தது. நெஞ்சு ஆறியது. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

அந்தப் பட்டியல் நான் செய்தது. மீனவர் சங்கம் கேட்டதற்காக மூன்று மாதம் வீம்பாக உட்கார்ந்து செய்தேன். காற்று எழும்பினால் சங்கத்தார் இப்போது முதலில் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். ‘கடலில்’ என்று சிவப்பாக நிற்கிற படகைத் தேடிப் போவார்கள், பச்சையைத் தேடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தேத்தண்ணி பாதி குடிக்கையில் மச்சாள், அண்ணனின் மனைவி, கரையிலிருந்து அழைத்தார்.

“கரையில எண்டு போட்டிருக்கு, ஆளைக் காணேல்ல. அவரின்ர போட்டை இழுத்து வைக்கிற இடம் வெறுமையாக் கிடக்குது. போனும் எடுபடுதில்ல.”

“வடிவாப் பாருங்கோ மச்சாள், பச்சை காட்டுது.”

“நான் மணலைப் பாத்துக் கதைக்கிறன். நீங்கள் எதைப் பாத்துக் கதைக்கிறியள்?”

பக்கத்தில் இன்னொரு படகுக்காரரின் குரல் கேட்டது. “தங்கச்சி, நான் கடலிலயாம்! இஞ்ச பீடி பத்திக்கொண்டு நிக்கிறன். நான் வழமையாத் தொழிலுக்குப் போற வடக்குப் பக்கமா என்னைத் தேடி ரெண்டு போட்டு வெளிக்கிட்டுட்டுது!”

பட்டியலை மறுபடி பார்த்தேன். அண்ணனுக்கும் இவருக்கும் கரையா கடலா என்ற விடை ஆளுக்காள் மாறியிருந்தது.

பட்டியலை ஓட்டுவது, திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துச் செய்த ஒரு நிரல். படகுகளில் உள்ள கருவிகள் அனுப்பும் தகவல் ஒரே பொதியாக வரும். பொதிக்குள் பட்டியல், பட்டியலுக்குள் படகுகள், ஒவ்வொரு படகுக்குள்ளும் அது நிற்கும் இடம். முதல் பெட்டி படகுகளைத் தனித்தனித் துண்டாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கச் சீட்டு ஒட்டும். நடுப்பெட்டி அந்த இடம் கரையா கடலா என்று வேறொரு கணினியைக் கேட்கும். கடைசிப் பெட்டி சீட்டைப் பார்த்து விடையைப் பழைய இடத்தில் வைக்கும். நானோ நடுப்பெட்டியில் வந்த துண்டை விட்டுவிட்டு, விடையை மட்டும் புதிதாகக் கட்டி அனுப்பியிருந்தேன். சீட்டு அதோடு போய்விட்டது; கடைசிப் பெட்டி விடைகளை வந்த வரிசையிலேயே அடுக்கியது. சோதித்த நாட்களில் விடைகள் வரிசையாகவே வந்ததால் எனக்குத் தெரியவில்லை. அன்று இணைப்பு இழுபட்டு அண்ணனின் விடை பிந்தியது. முந்தி வந்த பீடிக்காரரின் ‘கரையில்’ அவர் இடத்தில் குந்திக்கொண்டது, அவருடைய ‘கடலில்’ பீடிக்காரரிடம் போய்விட்டது.

திருத்த வேண்டியது ஒரு வரிதான். அதையும் இரண்டு தரம் பிழையாக அடித்தேன். வந்த துண்டுக்குள்ளேயே விடையை வைத்து அனுப்பியதும் அண்ணனின் பெயர் சிவப்பாக மாறியது. நிரல் சரியாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

“கடலிலதான் மச்சாள்! தெற்கால நிக்குது, போட்டுகளைத் திருப்பச் சொல்லுங்கோ, கெதியா!”

பொழுதுபட முதல் அவரின் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் நின்றுபோயிருந்தது. நான் அவர் வீட்டுக்குப் போனபோது, இடுப்பில் ஈரச் சாரத்தோடு கதிரையில் இருந்துகொண்டு அவர்தான் என்னைத் தேற்றினார்.

“மிஷின் பிழை விட்டதுக்கு நீ ஏன் அழுறாய்?”

“மிஷின் இல்ல அண்ணா. நான்.”

அவர் சாரத்தின் நுனியைப் பிழிந்தார்.

“போட்டுகள் வெளிக்கிட்டதைக் கண்டனான்,” என்றார். “எழும்பி நிண்டு சட்டையைக் கழட்டிக் காட்டினனான். ரெண்டும் வடக்கால திரும்பிப் போயிட்டுது.”

அந்த நேரம் நான் தேத்தண்ணிக்குச் சீனி கலக்கிக்கொண்டிருந்தேன்.