அந்த வீடியோவில் சிரிப்பது நான்தான்

கழுத்து வலிக்கு நெட்டி எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறேன். நாள் முழுக்க மெஷின்மேல் குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. எங்கள் லைனில் எல்லோரும் போனில் பார்க்கும் கைரோபிராக்டரிடம் நானும் போனேன். கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பார், அதை வீடியோவாகவும் போடுவார்.

"சார், எடது கை மரத்துப் போவுது," என்றேன்.

"கேமரா ஓடுதும்மா, அப்புறம் சொல்லு."

ஸ்கேன் எடுத்தாயா என்றுகூடக் கேட்காமல் சட்டென்று திருப்பினார். சத்தம் கேட்டது. கண் இருட்டியது. "சிரிம்மா," என்றார். சிரித்தேன்.

மறுநாள் வேலையில், தைக்கிற தோல் துண்டுகூட இடது கைப்பிடியில் நிற்கவில்லை. அதைக் கேட்கத் திரும்பிப் போனேன். காத்திருந்தவர்களில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்கா, வீடியோல சிரிச்சது நீங்கதானே? உங்களப் பாத்துதான் வந்தேன்."

என் இடது கையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். "முடிஞ்ச மட்டும் அழுத்துறேன், பாரு. எதுனா தெரியுதா? உனக்கும் கை மரத்தா ஆஸ்பத்திரிக்குப் போ. இங்க கழுத்தக் குடுக்காத."

அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டாள். "உங்களுக்கு ராசி இல்ல போலக்கா."

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். போனில் முகம் பார்த்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். மூடிய கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. "சிரிம்மா," என்றது அவர் குரல். பிறகு அவள் சிரித்தாள்.

வலி போனவர்கள் எப்படிச் சிரிப்பார்களோ, எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரிந்த சிரிப்பு.