கேனுக்கு அடியில் மடித்த துணி

கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்து, மூடிக் கிடந்த ஜிம்களைத் திறக்கலாம் என்று சொன்ன அந்த மழைக்காலத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது ஹைதராபாத் மல்காஜ்கிரியில். மாமனார் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து, அப்படியே இங்கே தங்கிவிட்ட குடும்பம். எங்கள் தெருவைத் தாண்டினால் ஒரு பாத்திரக்கடை. அதற்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஜிம். காலை பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை பெண்களுக்கு மட்டும். வீட்டில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, குக்கரை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருகிற கூட்டம் நாங்கள்.

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. மாதத்தின் கடைசி சனிக்கிழமை, தரையில் கிடக்கும் பாரை யார் அதிக எடையோடு தூக்கி நிமிர்ந்து நிற்கிறார்களோ அவர் பெயரும் கிலோவும் அதில் ஏறும். டெட்லிஃப்ட் என்பார்கள். ஜெயித்தவள் பழைய பெயரைத் தன் கையால் அழித்துவிட்டு, தன் பெயரைத் தானே எழுத வேண்டும். எங்கள் டிரெய்னர் மேடம் போட்ட சட்டம் அது. ஜிம்மை மூடுவதற்கு முந்தைய மாதம் பலகையில் ஏறியது என் பெயர். ஐம்பது கிலோ!

சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயதில் அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். வீட்டில் நான் மம்மி. அபார்ட்மென்ட்டில் நானூற்று இரண்டாம் நம்பர் ஆன்ட்டி. கேஸ் புத்தகம்கூடக் கணவர் பெயரில். என் பெயரை ஒரு சுவரில், நான் செய்த காரியத்துக்காக, என் கையாலேயே எழுதியது அந்த ஒரு இடத்தில்தான். அதற்குப் பிறகு ஜிம் மூடிவிட்டது. நடுவில் மற்ற ஜிம்கள் திறந்தபோதும் மேடம் பயந்துகொண்டு திறக்கவில்லை. வீட்டில் நாலு பேரும் வரிசையாகப் படுத்த நாட்களில்கூட, அந்தப் பலகையில் என் பெயர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஏனோ ஒரு தெம்பு வரும்.

திறந்த முதல் நாளே போய்விட்டேன். ஒன்பது கிலோ கூடியிருந்தது. பழைய பேன்ட் தொடையோடு நின்றுவிட்டதால் அவருடைய டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று தடவை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முதலில் பார்த்தது பலகையைத்தான். சாக்பீஸ் மங்கியிருந்தது. ஆனாலும் பெயர் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த பத்து நிமிடத்தில் அவள் வந்தாள்.

அவளை ஜிம்முக்குக் கூட்டிவந்ததே நான்தான். எங்கள் அபார்ட்மென்ட்டில் எங்களைத் தவிர இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம். முதல் மாடி. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மூடுவதற்கு முன்னால் அவள் ஜிம் லட்சணம் எப்படித் தெரியுமா? ட்ரெட்மில்லில் ஐந்து நிமிடம் நடப்பாள், அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் செய்த பலகாரத்தை டப்பாவில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பாள். வெறும் பாரைத் தூக்கவே கை நடுங்கும். "வளைஞ்சு நிக்காதே, முதுகை நேரா வை" என்று நான்தான் சொல்லிக் கொடுப்பேன். சொல்லிக் கொடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே கட்டடத்தில் இருந்தும் அந்த ஒன்றரை வருஷமாக ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வந்தவள் வேறு ஆள். உடம்பு இறுகி, தோள் விரிந்து, முழங்கைக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது. "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று என் கையைப் பிடித்தாள். பிடியே வேறாக இருந்தது. வெறும் பாரில் ஆரம்பித்து, ஒவ்வொரு தட்டாக மாட்டி, நாற்பது கிலோவை வாளி தூக்குகிற மாதிரி தூக்கி வைத்தாள். மேடம் "க்யா பாத் ஹை!" என்று கத்தி, கை தட்டினார். நான் முப்பதில் திணறி இறக்கிவிட்டு, ஷூ லேஸ் அவிழ்ந்த மாதிரி குனிந்துகொண்டேன்.

பொறாமை என்று சொன்னால் போதாது. வயிறு எரிந்தது. எனக்கு வந்த அதே கொரோனா காலம்தானே அவளுக்கும் வந்தது? நான் வீங்கிப் போனேன், இவள் மட்டும் எப்படி இப்படி ஆனாள்? ராத்திரி சாப்பாட்டு மேஜையில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. என் பெண் இட்லியை மென்றுகொண்டே, "ஜெலஸ் ஆ மம்மீ நுவ்வு?" என்று தெலுங்கில் கேட்டாள். அவளுக்குத் தமிழில் திட்டினால் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றேன்.

என் வாயை நான் மூடவில்லை. மறுநாள் உடை மாற்றும் அறையில் இரண்டு பெண்களிடம் மெதுவாகச் சொன்னேன். "பயிற்சியிலே வந்த உடம்பா அது? ஆபரேஷன் பண்ணியிருப்பா. இல்லேன்னா ஏதாவது ஊசி." அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வாரத்தில் அது முழு பேட்ச்சையும் சுற்றிவந்துவிட்டது. ஒருத்தி அவளிடமே எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாளாம். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாளாம். சிரித்தாள் என்றால் உண்மைதான் என்று அதற்கும் நானே அர்த்தம் சொன்னேன்.

கடைசி சனிக்கிழமை நெருங்கியது. அவள் ஐம்பத்தைந்து கிலோ தூக்கப் பார்க்கிறாள் என்று மேடம் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் நாற்பதைத் தொட்டுவிட வேண்டும் என்று முட்டிமோதி, முதுகு பிடித்துக்கொண்டு, "நக்கோ ஆன்ட்டி, நக்கோ" என்று மேடம் தடுக்கிற நிலைமையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாமி விளக்கை ஏற்றும்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கு அவளுக்கு ஒரு சளியாவது பிடிக்கக் கூடாதா? அந்த வருஷத்தில் சளி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே நினைத்தேன்.

சனிக்கிழமை ஜிம் நிறைந்திருந்தது. ஆரம்பிக்கிற நேரத்தில் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர் இருபது லிட்டர் கேனைக் கீழே படிக்கட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாடி ஏறுவது அவர் வழக்கமில்லை. யாரைக் கூப்பிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது கேன் தோளில் இருந்தது. மூச்சுகூட வாங்கவில்லை. "ரொம்பத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவள் செய்ததைப் பாருங்கள். பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து, நாலாக மடித்து, வாசலில் போட்டாள். அதன்மேல் கேனை இறக்கினாள். ஒரு முனை மட்டும் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனையைப் பிடித்து இழுத்ததும் கேன் டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

அந்த மடிப்பு எனக்குத் தெரியும். அந்த நீட்டிய முனையும் எனக்குத் தெரியும்.

நாங்கள் நாலு பேரும் பாசிட்டிவாகி வீட்டுக்குள் கிடந்த அந்த மூன்று வாரமும், ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் நாலாவது மாடியில் எங்கள் வாசலில் தண்ணீர் கேன் இருக்கும். அடியில் நாலாக மடித்த ஒரு துணி, ஒரு முனை மட்டும் எங்கள் கதவுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் பழைய புடவைத் துண்டு, ஒருநாள் லுங்கித் துண்டு. வாட்ச்மேன் கொண்டுவந்து வைக்கிறார் என்று நினைத்தேன். துணியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய்க் காலத்தில் எவர் வீட்டுத் துணியோ! கேனைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, துடைப்பக் கட்டையால் துணியை ஒதுக்கிக் குப்பைத்தொட்டியில் போடுவேன். அத்தோடு விட்டேனா? அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். 'எங்கள் வாசலில் யாரோ அழுக்குத் துணியை வைத்துவிட்டுப் போகிறார்கள். வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் சுத்தம் சொல்லிக்கொடுங்கள்.' அவரவர் வீட்டில் அவரவர் பாடு, யாரும் பதில் போடவில்லை. மறுதடவையிலிருந்து துணி வரவில்லை. கேன் மட்டும் வந்தது. கணவருக்கு மூச்சு இழுக்கிறது, எனக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. அந்தக் கேனை வாசலிலிருந்து சமையலறைக்கு நகர்த்த நாலு தடவை உட்கார்ந்து எழுந்தேன். துணி இருந்திருந்தால் சர்ரென்று வந்திருக்கும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அதற்கும் வாட்ச்மேனைத்தான் திட்டினேன்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ஏம்மா, அப்போ எங்க வீட்டுக்குத் தண்ணி கொண்டுவந்து வெச்சது நீயா?"

"அதுவா அக்கா?" என்று கேன் மூடியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "வாட்ச்மேன் குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாருல்ல. லிஃப்ட்டையும் பூட்டிட்டாங்க. தண்ணி பிளான்ட்காரர் கேட் பக்கத்துலயே வெச்சிட்டுப் போயிடுவார். செகரெட்டரி அங்கிளுக்கு அறுபத்தெட்டு வயசு, அவர் தூக்கிட்டு வந்தாரு. பார்க்க முடியல. பெரியவங்க இருக்கற வீடு, பாசிட்டிவ் வீடு எல்லாத்துக்கும் நானே கொண்டுபோய் வெச்சிட்டேன். முதல் நாள் மாடிக்கு மாடி உட்கார்ந்தேன் அக்கா. அப்புறம் பழகிப்போச்சு. நீங்கதானே முதுகை நேரா வெச்சுத் தூக்கச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பாசிட்டிவ் வீட்டு வாசலுக்கெல்லாம் போறேன்னு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? என் பிள்ளைங்களை யாரும் கிட்ட சேர்க்க மாட்டாங்க. அதான் எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவேன்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தத் துணி... நான் குரூப்ல போட்டேனே, பார்த்தியா?"

"பார்த்தேன் அக்கா." கேனைத் தூக்கி ஒரு சொட்டு சிந்தாமல் ஸ்டாண்டில் கவிழ்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "துவைச்ச துணிதான் அக்கா வெச்சேன்."

மேடம் கூப்பிட்டார். அவள் போய்ப் பாருக்கு முன்னால் நின்றாள். ஐம்பத்தைந்து கிலோ. மூச்சை இழுத்தாள், நிமிர்ந்தாள். அவ்வளவுதான். ஜிம்மே கத்தியது. நான் கத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அத்தனை கேட்ட பிறகும், பார் மேலே எழும்பியபோது எனக்குள் ஏதோ ஒன்று 'விழட்டும்' என்றுதான் சொன்னது.

டஸ்டரைக் கையில் வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றவள், என் பெயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருக்கட்டும் மேடம், நான் கீழே எழுதிக்கறேனே" என்று தெலுங்கில் கெஞ்சினாள். "ரூல் தோ ரூல் ஹை" என்று மேடம் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் டஸ்டரை மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தாள். ஒன்றரை வருஷத்துச் சாக்பீஸ், பலகையோடு ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. இன்னொரு தடவை அழுத்தித் தேய்க்க அவளுக்கு மனசு வரவில்லை என்பது தெரிந்தது.

தண்ணீர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் துண்டு கிடந்தது. அதை எடுத்து ஒரு முனையை நனைத்துக்கொண்டு போய், என் பெயரை நானே துடைத்தேன். ஐம்பதையும் துடைத்தேன். சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கு உடை மாற்றும் அறையில் அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, ஆபரேஷன் கதை நான் கட்டிவிட்டது, வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். தண்ணீர்க் கதையையும் சொன்னேன். படி இறங்கும்போது அவளிடமும் சொல்ல வாயெடுத்தேன். "ஏம்மா, அந்த ஆபரேஷன் பேச்சு..." என்று ஆரம்பிப்பதற்குள், "தெரியும் அக்கா, விடுங்க. நாளைக்குச் சர்ச்சுக்குப் போயிட்டு வந்து கேக் கொடுத்தனுப்பறேன்" என்றாள். கதை கட்டியது நான்தான் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. துணியைத் தூக்கிப்போட்டதும் தெரிந்திருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் என் கையைப் பிடித்து எப்படி இருக்கீங்க என்று கேட்டிருக்கிறாள்.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. பலகையில் இன்றைக்கும் அவள் பெயர்தான், எடை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அவள் பாரைத் தூக்கும்போது இப்போதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஒழுங்காக வந்தால் ஆறு மாதத்தில் அந்த மாதிரிக் கை எனக்கும் வந்துவிடும் என்று மேடம் சொல்கிறார். அவளைப் போல மூடியிருக்கத் தெரிந்த ஒரு வாய் வருவதற்கு எந்த ஜிம்மில் சேர்வது என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.