நிலையில் ஒட்டிய கைப்பிடி

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் மனைவிக்கு வாசல்படி தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். ஆனால் வாசல் நிலையில் இரும்பு இறங்கக் கூடாது, ஆணியானாலும் திருகாணியானாலும் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவளுடைய உறுதி. நான் எதிர்த்துப் பேசவில்லை. பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்று வாங்கி ஒட்டிவிடுகிறேன் என்றேன்.

சங்கரன்கோவில் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருப்பவரிடம் கைப்பிடியைக் காட்டி, வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசை போதுமா என்று கேட்டேன். அவர் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தார்.

"அது மரத்துக்கு மரம்தான் பிடிக்கும் சார். பிளாஸ்டிக்கு ஈரத்த உறிஞ்சாதுல்லா. ரெண்டு ட்யூப் கலக்குத பசை தாரேன். நிலையில பெயிண்ட சுரண்டிட்டு, இதையும் சொரசொரன்னு தேச்சிட்டு ஒட்டுங்க."

பக்கத்தில் சுண்ணாம்பு வாங்க நின்றவர் சிரித்தார். "கெமிஸ்ட்ரி சாருக்கே கிளாஸ் எடுக்கீரு பாத்தீரா வே."

கடைக்காரர் சொல்லி முடிக்கும் முன்பே, அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். அந்தச் சிரிப்பு பொறுக்காமல், அப்புறம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். மறுபடி போகவில்லை.

பெயிண்டின் மேலேயே வெள்ளைப் பசையைத் தடவி, கைப்பிடியைக் கயிற்றால் இறுக்கி இரண்டு நாள் விட்டேன். இழுத்துப் பார்த்தபோது அசையவில்லை. கடைக்காரர் கொடுத்த பசைதானே என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதன்பின் அவள் படியருகே போகும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிப் பின்னால் போய் நின்றேன். அவள் கைப்பிடியைப் பற்றும்போது அவள் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி வைத்துக்கொண்டேன். கழற்றிவிட்டு ஒழுங்காக ஒட்டியிருக்கலாம். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்பாளே. ஆறு நாள் இப்படிக் கழிந்தது.

ஏழாம் நாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். புளியங்குடியிலிருந்து மகள் வந்த ஆட்டோ சத்தம் கேட்டு, மனைவி தனியாக வாசலுக்குப் போயிருக்கிறாள். விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். படிக்கு வெளியே கிடந்தாள். கைப்பிடி அவள் கையிலேயே இருந்தது, அடிப்புறம் வழவழவென்று. மணிக்கட்டு முறிந்துவிட்டது. முழங்கால் தப்பியது.

கட்டுப் போட்டுத் திரும்பும் வழியில், தன் உடம்பு கனத்துவிட்டதால்தான் பிய்ந்தது என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மகள் கைப்பிடியை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குக் கிளம்பினாள்.

"என்ன பசைய குடுத்தாருன்னு அவரு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வாரேன்."

"போகாத. அவரு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் அத வாங்கல. அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

மகள் கைப்பிடியைக் கீழே வைத்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் சுவரப் பிடிச்சு எறங்கியிருப்பேம்லா," என்றாள்.