பச்சைக் கம்பியின் மறுமுனை

மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்டை நேருக்கு நேர் பார்த்தால், வலது பக்கத்து ஓட்டையில் மின்சாரம் வருகிறது, இடது பக்கத்தில் திரும்பிப் போகிறது. எல்லாம் சரியாக இருக்கும்வரை மேலே உள்ள பெரிய ஓட்டையில் எதுவும் நடப்பதில்லை. அது எர்த். என்றாவது கிரைண்டருக்குள் ஈரம் இறங்கி, அதன் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால், தொடுகிறவரின் கைக்குப் போகாமல் மண்ணுக்குள் இறங்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் பச்சைக் கம்பி. பிளக்கில் எர்த்துக்கான காலை மட்டும் சற்று நீளமாகச் செய்திருக்கிறார்கள். செருகும்போது அதுதான் முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். இதை யோசித்தவர் யாரென்று தெரியவில்லை. ஒரு சின்ன நீளத்துக்குள் இவ்வளவு அக்கறையை வைத்த ஆளை நினைத்துக்கொண்டு, பிரித்துப்போட்ட சமையலறையில் ஸ்க்ரூ டிரைவரோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாளிதழ் ஒன்றில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டு, ஓய்வுபெற்று, உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தவன் நான். மனைவி இட்லி மாவு அரைத்துத் தெருவில் பல வீடுகளுக்கும், மானாம்பதியில் ஒரு டிபன் கடைக்கும் கொடுக்கிறாள். சமையலறையை மாற்றிக் கட்டியது அவளுடைய கிரைண்டருக்காகத்தான். எலக்ட்ரீஷியன் தினமும் "நாளைக்கு வரேன்" என்றார். ஒரு கட்டத்தில் மெயினை அணைத்துவிட்டு, வயரிங்கை நானே தொடங்கினேன். சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று நிறத்தில் கம்பி வாங்கி வந்தேன். மிக்ஸிக்குச் சின்ன பாயிண்ட், கிரைண்டருக்குப் பெரியது. அந்தச் சூட்டிலேயே சிங்க்கின் கழிவுக் குழாயையும் மாற்றினேன். அதுவரை தண்ணீர் பின்பக்கத்து வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. கொசு சேர்கிறதென்று அதைப் பக்கவாட்டில் புதிதாக எடுத்த உறிஞ்சு குழிக்குத் திருப்பிவிட்டேன்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான்காவது வாரம், நல்ல சித்திரை வெயிலில், மனைவி ஈரக் கையோடு கிரைண்டரின் விளிம்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"சுருக்குன்னுது."

"ஈரக் கை. அப்படித்தான் இருக்கும்."

"பழைய அடுப்படியில இருவது வருஷமா இதே ஈரக் கைதான். நீங்க போட்ட கரண்ட்டுதான் கடிக்குது."

அன்று மதியமே பரணிலிருந்து ஒரு மரப்பலகையை இறக்கி, அதன்மேல் ரப்பர் செருப்போடு நின்று அரைத்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். டிபன் கடைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். அவள் ஒவ்வொரு முறை உளுந்தைத் தள்ளிவிடும்போதும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எல்லா சுவிட்ச் பெட்டிகளையும் திறந்தேன். ஒவ்வொரு திருகையும் இறுக்கிப் பார்த்தேன். பிழையே இல்லை. பச்சைக் கம்பி எல்லா இடத்திலும் சரியாக முறுக்கப்பட்டிருந்தது. பிறகு பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு கம்பி நீட்டிச் சோதனை விளக்கு செய்தேன். வலது ஓட்டைக்கும் இடது ஓட்டைக்கும் இடையே வைத்தால் பளிச்சென்று எரிந்தது. வலது ஓட்டைக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் பல்புக்குள் இழை மட்டும் சிவந்தது. எர்த்தில் பலமில்லை என்று புரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

அன்று, உடைத்த டைல்ஸ் குவியலை அள்ள ஒரு பெண் வந்திருந்தார். ஊர்க் கடைசியில் இருக்கும் குடியிருப்பிலிருந்து வருபவர், நாற்பது வயதிருக்கும். இந்த வீடு கட்டியபோது கணவரோடு சேர்ந்து இங்கே சித்தாளாக இருந்தவர்; சமையலறையை இடித்தபோதும் வேலைக்கு வந்தவர். தண்ணீர் கேட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தவர் மனைவியைப் பார்த்தார்.

"இன்னாக்கா, பலகை மேல நின்னுக்கினு கீறே? மேடைல பேசப் போறியா?"

"சார் புதுசா கரண்ட்டு போட்டாரு. தொட்டா இழுக்குது."

அவர் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த பல்பைப் பார்த்தார். எங்கே வைத்தால் எப்படி எரிகிறது என்று ஒரு முறை காட்டச் சொன்னார். காட்டினேன்.

"சிங்க்கு தண்ணி இப்போ எங்க போவுது சார்?"

கரண்டைப் பற்றிய பேச்சில் தண்ணீர் எங்கே வந்தது என்று எனக்குத் தோன்றியது. உறிஞ்சு குழிக்கு என்றேன்.

"அதான். வாய மரத்த பாத்தீங்களா, காஞ்சி தொங்கிக்கினு கீது. அதும் பக்கத்துலதான் எர்த் குயி. நானும் எங்க வூட்டுக்காரும்தான் தோண்டனோம். கரி ஒரு மூட்டை, உப்பு ஒரு மூட்டை போட்டு, பைப்ப நிக்க வெச்சி மூடனோம். ஈரம் இருந்தாத்தான் மண்ணு கரண்ட்ட வாங்கும்னு அப்பவே எலக்ட்ரீஷியன் சொன்னாரு. சிங்க்கு தண்ணி அதும் மேல போற மாதிரி வெச்சதே அதுக்குத்தான்."

பல வருடம் செய்திகளைத் திருத்தியவன் நான். ஒரு விபத்துச் செய்தியில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கும் நிருபரைப் பார்த்து வியந்திருக்கிறேன். சுவருக்குள் இருந்த கம்பி முழுவதையும் நான் சரிபார்த்திருந்தேன். அந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது என்று அவர்தான் கேட்டார்.

பின்பக்கம் போனோம். வாழைக்கு அருகே, அவர் சொன்ன இடத்தில், டைல்ஸ் குவியல் இருந்தது.

"இது மேலயா கொட்டுவாங்க?" என்றாள் மனைவி.

"கொட்டனது நான்தான்கா. இங்க கொட்டுன்னு கை காட்டனது சாரு."

குவியலை ஒதுக்கி ஒரு முழம் தோண்டியதும் துருவேறிய குழாயின் தலை தெரிந்தது. சுற்றி மண் சாம்பலைப்போல் உதிர்ந்தது. நான் குடத்தைத் தூக்கியதும் அவர் தடுத்தார்.

"மெயின ஆஃப் பண்ணிட்டு வாங்க. அப்பறம்தான் ஊத்துவேன். உள்ள பல்பு எரிஞ்சிக்கினு இருந்தா அந்தக் கரண்ட்டு இங்கதான வரும்?"

நான் படித்த எதிலும் இதைப் பார்த்ததில்லை. சரியான பேச்சு. போய் அணைத்துவிட்டு வந்தேன்.

பத்துக் குடம் ஊற்றினார். ஒவ்வொன்றும் இறங்கும்வரை காத்திருந்துதான் அடுத்ததை ஊற்றினார். முதல் சில குடங்களை மண் சத்தத்தோடு குடித்தது. ஊறட்டும் என்றார். மூவரும் டீ குடித்தோம். ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் சமையலறைக்கு வந்தோம். மனைவி பழையபடி பலகைமேல் ஏறி நின்றாள். மெயினைப் போட்டு, விளக்கை எர்த்தில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

நானே தொட்டுப் பார்க்கலாமென்று செருப்பைக் கழற்றப் போனேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, தொடலாமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"மொதல்ல சார் டெஸ்டர் வெச்சி பாக்கட்டும்."

கிரைண்டரை ஓடவிட்டு அதன் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. அதற்குப் பிறகுதான் மனைவி பலகையிலிருந்து இறங்கி விளிம்பைத் தொட்டாள். கையை எடுக்கவில்லை. ஊறிய உளுந்தை எட்டி எடுத்து உள்ளே போட்டாள்.

அந்த வாரமே கிரைண்டரின் மோட்டாரைப் பிரித்து உலர்த்தி வாங்கினோம். ஒருவழியாக வந்து சேர்ந்த எலக்ட்ரீஷியன், ஷாக் அடித்தால் தானாக அணையும் சுவிட்சை மெயின் பக்கத்தில் வைத்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, சுத்தமாகப் போட்டிருப்பதாக என்னைப் பாராட்டினார். பின்பக்கம் வந்து பாருங்கள் என்று நான் கூட்டிக்கொண்டு போனேன். சிங்க் குழாய் பழையபடி வாழைக்கே திரும்பியிருந்தது. அரிசி கழுவிய தண்ணீரை மனைவி தனியாக ஒரு வாளியில் கொண்டுவந்து ஊற்றுகிறாள்.

குடம் குடமாக ஊற்றிய அன்று, அந்தப் பெண் கிளம்பும்போது பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது இனிமே உனக்கு வேணாம்லக்கா? எங்க வூட்டு வாசல்ல மழைக்குப் போட ஆவும்."

மனைவி அதைக் கழுவித் துடைத்து, அவர் தலையில் ஏற்றிவிட்டாள்.